மெம்பிஸ் குப்பை லொறி கேட்கும் கேள்வி

"அது முடிந்துபோன கதை" என்றார் அன்பர் ஒருவர். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி நாம் பேச்செடுத்தபோது அவர் திருவாய் மலர்ந்தருளிய வாக்கு இது. அத்துடன் நின்றாரா? இல்லை. "பஸ்ஸில் இடம் கிடைத்தது, பள்ளிக்கூடக் கதவு திறந்தது, வாக்குச் சீட்டும் வந்தது, கறுப்பினத்தவர் ஒருவர் சனாதிபதியாகவும் இருந்து முடித்தார். எல்லாவற்றையும் நூதனசாலையில் வைத்துக் கண்ணாடியும் போட்டு மூடிவிட்டார்கள். ஐயமிருந்தால் நீங்களே போய்ப் பாருங்கள். விமானம் ஏற வேண்டியதில்லை. கணினித் திரையிலே மெய்நிகர் உலா என்று ஒன்று இருக்கிறது, சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடியே சுற்றி வரலாம்" என்று வழியுஞ் சொன்னார்.

சரி என்றோம். சென்றோம். ஓரிரவு முழுவதும் திரையின் முன்னமர்ந்து, அம்புக்குறிகளை அழுத்தி அழுத்தி அறை அறையாக நடந்தோம். கண்டவற்றைக் குறித்து வைத்தோம். அவற்றின் வரலாற்றையும் ஏடுகளிலே தேடிப் படித்தோம். அன்பர் எதிர்பார்த்த முடிவோடு மட்டும் நாம் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ரெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரிலே, மல்பெரி வீதியிலே, லொறெய்ன் என்றொரு விடுதி இருந்தது. 1945ஆம் ஆண்டு வோல்டர் பெய்லி என்னும் கறுப்பின வணிகர் அதனை வாங்கித் தம் மனைவி லொறீயின் பெயரை ஒட்டி அப்பெயரைச் சூட்டினார். வெள்ளையர் விடுதிகளிலே படுக்க இடம் பெறாத கறுப்பின மக்களுக்கு அதுவே தங்குமிடம். ரே சார்ள்ஸ், லூயி ஆம்ஸ்ட்ரோங் போன்ற பெரும் இசைவாணர்களும் அங்கேதான் தங்கினார்கள். உலகமெல்லாம் கைதட்டிய கலைஞனுக்கும் தன் சொந்த நாட்டில் ஓர் இரவு தலைசாய்க்க வெள்ளையன் விடுதியில் இடமில்லை. என்னே நாகரிகம்! அந்த விடுதியின் 306ஆம் இலக்க அறைக்கு வெளியே, பல்கணியில் நின்றபொழுதுதான், 1968 ஏப்ரல் 4ஆம் திகதி மாலை 6 மணி கடந்து ஒரு நிமிடத்தில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு வீழ்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 39. அன்றே லொறீ அம்மையார் மூளையில் நோயுற்று வீழ்ந்தார். கிங் அவர்களின் இறுதிக் கிரியை நடந்த ஏப்ரல் 9ஆம் திகதி அவரும் மறைந்தார். கணவர் பெய்லி 306ஆம் அறையை அதன்பின் எவருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை. அந்த அறையைக் காத்து நின்றார். விடுதியோ கடனில் மூழ்கியது. 1982இல் அது ஏலத்துக்கு வந்தபோது நகரத்தவர் சிலர் நிதி திரட்டி 144,000 டொலருக்கு அதனை மீட்டனர். அந்த நிதிக்குத் துப்புரவுத் தொழிலாளரின் சங்கமும் பணம் கொடுத்தது. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும். 1991இல் விடுதி, தேசியக் குடியியல் உரிமைகள் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

உள்ளே நுழைந்தால் அடிமைக் கப்பலின் அடித்தளம். குந்திய நிலையில், விலங்கிட்ட நிலையில் மனித உருவங்கள். அப்பால் நீதிமன்றங்கள், பள்ளிக்கூடங்கள், சிறைக்கூடங்கள், 1961இல் அனிஸ்ரன் நகருக்கு அருகே தீ வைக்கப்பட்ட பஸ் வண்டியின் நினைவு. இவற்றை எல்லாம் நாம் விரைந்தே கடந்தோம். விரைந்து கடக்க விடுவதுதான் திரையின் இயல்பு என்பது அப்போது எமக்குப் புரியவில்லை. மொன்ற்கொமறி நகரத்து பஸ்ஸின் முன் வந்தபோதே புரிந்தது.

1955 டிசெம்பர் 1ஆம் திகதி றோசா பார்க்ஸ் அம்மையார் எழ மறுத்த ஆசனம் அது. அவர் கைதானதைத் தொடர்ந்து, ஐம்பதினாயிரம் மக்கள் வாழ்ந்த ஒரு சமுதாயம் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தது. வேலைக்காரி நடந்தாள்; கிழவி நடந்தாள்; மழையில் நடந்தார்கள்; வெயிலில் நடந்தார்கள். இதைக் காட்ட வந்த நூதனசாலையினர் பஸ்ஸையும் பார்க்ஸ் அம்மையாரின் உருவத்தையும் நிறுத்தியதோடு அமையவில்லை. நேரில் வருவோர் அந்த பஸ்ஸில் ஏறி முன்னாசனத்தில் அமரும்போது, "எழும்பு, பின்னால் போ" என்று ஓட்டுநர் அதட்டும் குரலை ஒலிக்கச் செய்தார்கள். உல்லாசப் பயணி ஒரு கணம் திடுக்கிட வேண்டும். தன் உடம்பின் மேல் அந்தச் சொல் விழ வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால், சாய்மனைக் கதிரையில் இருப்பவனை யார் எழுப்புவது? திரையிலே எமக்கு உடம்பில்லை. உடம்பில்லாதவனுக்கு ஆசனமில்லை; ஆசனமில்லாதவனை எந்த ஓட்டுநரும் அதட்டமாட்டான். காற்றாய் நுழைந்து காற்றாய் வெளியேறுகிறோம். 381 நாட்கள் நடந்த கால்களின் வரலாற்றை நாம் காலை நீட்டிப் போட்டபடி கண்டோம் என்று எழுத எமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அது பொய்யாகும்.

இவ்வாறு சொல்வதால் திரையை உடைக்க வேண்டும் என்பதல்ல எம் கட்சி. கடல் கடந்து செல்ல எத்தனை பேருக்கு இயலும்? கிராமத்துப் பள்ளி மாணவன் ஒருவன் தன் ஆசிரியரின் கணினியில் இவற்றைப் பார்ப்பானாயின் அது பெரும்பேறே. எம் வழக்குத் திரையோடு அன்று. திரையில் பார்த்த மாத்திரத்தே "முடிந்தது" என்று கணக்கை மூடும் மனப்போக்கோடுதான்.

இனி லொறிக்கு வருவோம். அந்த நூதனசாலையில் ஒரு குப்பை லொறி நிற்கிறது. அதன் அருகே பதாகை ஏந்திய மனிதர்களின் உருவங்கள். பார்க்க வருவோரில் பலர் பல்கணியைத் தேடி விரைகிறார்கள், மலர்வளையம் தொங்கும் அந்தப் பல்கணியைப் படம் பிடிக்கிறார்கள், கண் கலங்குகிறார்கள். நாமும் கலங்கினோம். ஆனால் கிங் அந்தப் பல்கணிக்கு ஏன் வந்தார்? எந்த வேலையாக மெம்பிஸ் நகருக்கு வந்தார்? விடை அந்த லொறியில் இருக்கிறது. லொறி இல்லையேல் பல்கணி இல்லை.

1968 பெப்ரவரி 1ஆம் திகதி. மெம்பிஸ் நகரில் கொட்டும் மழை. எக்கோல் கோல், றொபேர்ட் வோக்கர் என்னும் இரு துப்புரவுத் தொழிலாளர், மழைக்கு ஒதுங்க இடமின்றி, குப்பை லொறியின் பின்புறத்தே குப்பையோடு குப்பையாக ஒதுங்கி நின்றனர். வெள்ளையர் குடியிருக்கும் தெருக்களிலே குப்பைத் தொழிலாளர் வீட்டோரங்களில் ஒதுங்குவதை அங்குள்ளோர் விரும்பவில்லை. லொறியோ பழையது; பழுதானது; ஆபத்தானது என்று தொழிலாளர் முன்னரே முறையிட்டிருந்தனர். குப்பையை நசுக்கும் பொறி தானாக இயங்கியது. இருவரும் உள்ளே இழுக்கப்பட்டு நசுங்கி மாண்டனர்.

மாநகர சபை என்ன செய்தது? அவர்கள் மணிக்கணக்கில் கூலி பெறுவோர். ஆகவே காப்புறுதி இல்லை, நட்டஈடு இல்லை. ஒரு மாதச் சம்பளமும், அடக்கச் செலவுக்கென 500 டொலரும் கொடுத்துக் கணக்கை முடித்தது. அந்நாட்களை ஒட்டி இன்னொன்று நடந்திருந்தது. மழையைக் காரணங்காட்டிக் கறுப்பினத் தொழிலாளர் 22 பேரை இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பிய அதிகாரிகள், வெள்ளை மேற்பார்வையாளரை முழுச் சம்பளத்தோடு இருத்திக்கொண்டனர். மழை ஒன்றுதான், நனையும் தோலைப் பொறுத்துச் சம்பளம்.

பெப்ரவரி 12ஆம் திகதி ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. ஒழுகும் தொட்டிகளைத் தோளிலும் தலையிலும் சுமந்து, புழுவும் அழுக்கும் உடம்பில் வடிய வீடு திரும்பியவர்கள் அவர்கள். முழுநாளும் உழைத்த பின்னும் பலர் அரசாங்க உதவிப்பணம் பெற்றே பிள்ளைகளுக்குச் சோறிட்டனர். நரை விழுந்த ஆண்மகனையும் வெள்ளை மேலாளன் "பொடியன்" என்றே விளித்தான். இதற்கு விடையாகத்தான் அவர்கள் பதாகையில் ஒரேயொரு வாக்கியத்தை எழுதினார்கள்: "நானும் ஒரு மனிதன்." சம்பளக் கணக்குக்கூட அந்த அட்டையில் இல்லை. வேலைநிறுத்தக்காரனின் பதாகையில் இதைவிடக் கூரிய வாக்கியத்தை நாம் கண்டதில்லை.

மேயர் ஹென்றி லோப் மசியவில்லை. வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றார். சம்பள உயர்வைக்கூடப் பேசலாம், சங்கத்தை ஏற்று அதன் சந்தாவைச் சம்பளத்தில் கழித்துக் கொடுப்பது மட்டும் நடவாது என்று அடம்பிடித்தார். ஏன் இந்த அடம்? பிச்சையாகச் சில சதங்களை இடுவது எளிது. எதிரே கதிரை போட்டு அமர்ந்து பேசும் உரிமையைக் கொடுப்பதுதான் கடினம். எந்த நாட்டு அதிகாரிக்கும் இது பொருந்தும். ஊர்வலம் போனவர்கள் மேல் பொலிசார் கண்ணெரிக்கும் மருந்தைப் பீச்சினர், தடியால் அடித்தனர். மார்ச் 28ஆம் திகதி ஊர்வலம் குழம்பியபோது 16 வயதுச் சிறுவன் ஒருவன் பொலிசாரின் சூட்டில் மாண்டான். ஏறத்தாழ 4,000 காவற்படையினர் நகரில் இறக்கப்பட்டனர்.

இதற்கிடையிலே, மார்ச் 18ஆம் திகதி, மேசன் ஆலயத்தில் கூடிய பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன் கிங் பேசினார். வெள்ளையரோடு சமமாக உணவுச்சாலை மேசையில் அமரும் உரிமை கிடைத்து என்ன பயன், அங்கே ஒரு கோப்பை கோப்பி வாங்கவும் கையிற் காசில்லாதவனுக்கு என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அதே நூதனசாலையின் இன்னோர் அறையிலே கிறீன்ஸ்பரோ உணவுச்சாலை மேசை நிற்கிறது. 1960 பெப்ரவரி 1ஆம் திகதி நான்கு கறுப்பின மாணவர் வூல்வேர்த் கடையில் அமர்ந்து, கோப்பி கேட்டு, மறுக்கப்பட்டும் எழாதிருந்த அறப்போர் அது. அந்த ஆண்டு யூலையிலே கடை பணிந்தது. அன்பர் சொல்லும் "முடிந்த கதை" இதுவே. ஆம், அந்த மேசையின் கதை முடிந்தது. ஆனால் அதே பெப்ரவரி 1ஆம் திகதி, எட்டு ஆண்டுகள் கழித்து, இரு மனிதர் குப்பை லொறியில் நசுங்கினர். மேசையை வென்ற பின்னரும் லொறி நின்றது. கிங் மேசையோடு நிற்காமல் லொறிக்கு வந்தார். வந்ததுதான் அவர் செய்த குற்றம்.

ஏன் குற்றம் என்கிறோம்? 1966இலே கலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில் அமெரிக்கரில் 63 சதவீதத்தினர் கிங் மீது நல்லெண்ணம் இல்லையென்றனர். வாக்குரிமைச் சட்டம் வந்து ஓராண்டுதான் கடந்திருந்தது. சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்று ஈராண்டுதான். சட்டத்தைக் கேட்டவரை அவரைப் பொறுத்தவர்களும், அவர் வீட்டு வசதியைக் கேட்டபோது, கூலியைக் கேட்டபோது, வியட்னாம் போரை நிறுத்தக் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டனர். உயிரோடிருந்தவரை மூன்றிலிரு பங்கினர் வெறுத்த மனிதருக்கு, 1983இலே தேசிய விடுமுறை நாளொன்றைச் சட்டமாக்கினர். செத்தவர் கூலி உயர்வு கேட்கமாட்டார் அல்லவா? பல்கணியில் மாலை தொங்கவிடுவது மலிவு. லொறிக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பதே செலவு.

கிங் மறைந்து நான்காம் நாள், ஏப்ரல் 8ஆம் திகதி, அவருடைய துணைவியார் கொறெற்றா அம்மையார், கணவரை அடக்கம் செய்யுமுன்னரே, மெம்பிஸ் வீதியில் பல்லாயிரக்கணக்கானோருக்குத் தலைமை தாங்கி நடந்தார். ஏப்ரல் 16ஆம் திகதி மாநகர சபை பணிந்தது. சங்கம் ஏற்கப்பட்டது. கூலி உயர்வு எவ்வளவு? மணிக்கு 15 சதம். அதையும் ஒரே முறையாகக் கொடுக்கவில்லை, முதலில் 10, பின்னர் 5. உலகம் முழுவதும் துக்கம் அனுட்டித்த ஒரு மரணத்தின் பின்னர் மெம்பிஸ் நகரசபை தன் பணப்பையைத் திறந்த அளவு இது!

கதை இங்கேதான் முடிகிறதா? ஓய்வூதியம் என்றொன்று இருக்கிறது. வேலைநிறுத்தத்தின் பின் அத்தொழிலாளர் மாநகர சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் சேராது, கூட்டாட்சி அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தெரிந்தெடுத்தனர். முதுமையில் அது போதவில்லை. அதனால் அந்த வீரர்களில் சிலர் எண்பதை அண்டிய வயதிலும் குப்பை லொறியில் ஏறினார்கள். அதே நகரில், சில தெருக்கள் தள்ளி, அவர்களுடைய இளமைக்கால உருவங்கள் பதாகை ஏந்தி நூதனசாலையில் நின்றன; 2014இல் 27 மில்லியன் டொலருக்கு மேல் செலவிட்டு அந்த நூதனசாலையைப் புதுக்கியும் திறந்தார்கள். உருவத்துக்கு மின்விளக்கு, உடம்புக்கு ஓய்வில்லை. 2017ஆம் ஆண்டிலேதான், அதாவது 49 ஆண்டுகள் கழித்துத்தான், உயிரோடு எஞ்சியிருந்த 14 பேருக்கு ஆளுக்கு 50,000 டொலர் வழங்குவதாக மாநகர சபை அறிவித்தது. பின்னர் அத்தொகை 70,000 ஆக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆயினும் 1,300 பேர் எழுந்து நின்ற போராட்டத்தின் கணக்கில், 14 பேர் மிஞ்சும்வரை காத்திருந்து கொடுத்ததை நாம் எப்பெயரிட்டு அழைப்பது?

குறை முழுவதையும் நூதனசாலையின் தலையில் கட்டுவது நேர்மையன்று. அந்த லொறியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அவர்களே. நிதி திரட்டி மீட்டிராவிடில் அந்தக் கட்டிடத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணவும் அஞ்சுகிறோம். ஆயினும் அதன் வாயிலுக்கு எதிரேயே ஒரு கேள்வி பல்லாண்டுகளாக உட்கார்ந்திருந்ததை மறைக்கலாகாது. விடுதியில் கடைசியாகக் குடியிருந்த பெண்மணி ஒருவர். அங்கே வேலையும் பார்த்தவர். நூதனசாலை கட்டுவதற்காக 1988 மார்ச் 2ஆம் திகதி அவரைப் பொலிசார் வெளியேற்றினர். அவர் தெருவின் மறுபுறத்தே தம் பொருள்களை வைத்து அமர்ந்தார். ஓராண்டா, ஈராண்டா? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தெருமுனையில் அவருடைய மறியல் தொடர்ந்தது. ஏழைகளுக்காக உயிர் கொடுத்தவரின் பெயரால் ஏழைகளை வெளியேற்றலாமா? இத்தனை பணத்தை வீடில்லாதவருக்கு வீடாகவும் நோயாளிக்கு மருந்தாகவும் ஆக்கக்கூடாதா? கொலைகாரனின் துப்பாக்கியைக் காட்சிக்கு வைப்பது எவ்வகை மரியாதை? இவை அவர் எழுப்பிய வினாக்கள்.

அவர் சொல்வதெல்லாவற்றையும் நாம் ஏற்கவில்லை. நினைவுச்சாலை வேண்டும்; ஏழைக்கு வீடும் வேண்டும்; ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது சரியன்று. துப்பாக்கியை மறைப்பதால் கொலை மறையாது என்பதும் எம் கருத்து. ஆனால் அவர் அங்கே இருந்தமை நூதனசாலைக்கு இழுக்கன்று என்போம். கிங் அவர்களின் கடைசி நாட்களில் மனம் எங்கே இருந்தது என்று தெரிய விரும்புபவன், உள்ளே உள்ள கண்ணாடியையும் பார்க்க வேண்டும், வெளியே உள்ள தெருமுனையையும் பார்க்க வேண்டும். நேரில் செல்பவன் அந்தப் பெண்மணியைக் கடந்துதான் வாயிலை அடைந்தான். திரையில் உலாவுபவனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவன் கட்டிடத்துக்குள்ளேயே பிறந்து, கட்டிடத்துக்குள்ளேயே மறைகிறான். அறைகளைப் படம் பிடித்துக் கோக்கலாம். தெருவை எப்படிக் கோப்பது?

"வாக்குச் சீட்டும் வந்தது" என்றாரே அன்பர், அதையும் பார்த்துவிடுவோம். 1965 ஆகஸ்ட் 6ஆம் திகதி கையொப்பமான வாக்குரிமைச் சட்டத்தின் உயிர்நாடி எது? கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்துப் பழகிய மாநிலங்கள், தேர்தல் விதிகளை மாற்றுமுன் கூட்டாட்சி அரசின் அனுமதியைப் பெற வேண்டும் என்னும் விதியே. 2013 யூன் 25ஆம் திகதி, ஷெல்பி மாவட்ட வழக்கிலே, அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், எந்தெந்த இடங்கள் அனுமதி பெற வேண்டும் என்று தீர்மானிக்கும் பிரிவைச் செல்லாதாக்கியது. விதி ஏட்டில் இருக்கிறது. அதற்கு உட்படுவோர் எவரும் இல்லை. (மெம்பிஸ் அமைந்துள்ள மாவட்டமும் ஷெல்பிதான்; ஆனால் வழக்குப் போட்டது அலபாமா மாநிலத்து ஷெல்பி. பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டாம்.) தீர்ப்பு வந்த அன்றே, அதுவரை தடுக்கப்பட்டிருந்த அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதாக ரெக்சாஸ் மாநிலம் அறிவித்தது. மறுநாள்வரைகூடப் பொறுக்கவில்லை! வெற்றி என்று கண்ணாடிக்குள் வைத்த பொருளின் உயிர்நாடி, கண்ணாடி உடையாமலே அறுக்கப்பட்டது.

இனி அந்தக் கண்ணாடியே வேண்டாம் என்போரும் வந்திருக்கின்றனர். 2025 மார்ச் 27ஆம் திகதி சனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நூதனசாலைகள் நாட்டைப் பிளக்கும் கொள்கையைப் பரப்புகின்றனவாம். 2016இல் வொஷிங்டனில் திறக்கப்பட்ட ஆபிரிக்க அமெரிக்க வரலாற்று நூதனசாலையையும் பெயர் சொல்லிக் குறை கூறி, தகாதவற்றை நீக்க வழி செய்யுமாறு அந்த ஆணை பணித்தது. "முடிந்த கதை" என்பவரும், "அந்தக் கதையைச் சொல்லாதே" என்பவரும் ஒருவரையொருவர் அறியாத நண்பர்கள். முன்னவர் கதவைச் சாத்துகிறார். பின்னவர் பூட்டுப் போடுகிறார். முடிந்துபோன கதைக்கு எவனாவது பூட்டுத் தேடுவானா?

அமெரிக்கனை மட்டும் சாடிவிட்டு எழுந்துபோக எமக்கும் ஆசைதான். கிங் விடவில்லை. 1959இல் அவர் இந்தியாவுக்கு வந்தபோது, கேரளத்திலே தாழ்த்தப்பட்ட மாணவர் பயிலும் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று மாணவருக்கு அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்டதாகவும், பின்னர் தம் நாட்டு மக்களின் நிலையை எண்ணி, "ஆம், நான் தீண்டப்படாதவனே" என்று தமக்குள் ஒப்பியதாகவும் 1965இல் தம் திருச்சபை மேடையிலே அவர் சொன்னார். தீண்டாமை என்ற சொல்லைக் கேட்டுத் தம்மையே அதில் கண்டுகொண்டார் அவர். எம்மவர் எதைக் கண்டனர்? தேநீர்க் கடையிலும் ஆலயத்திலும் வேற்றுமை காட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, தேநீர்க் கடை வாயிலும் கோயில் வாயிலும் திறக்கக் கேட்டுச் சுன்னாகத்திலிருந்து ஒரு ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது; பொலிசார் தடியடி நடத்தினர். மெம்பிஸ் நகரிலே "நானும் ஒரு மனிதன்" என்ற பதாகை எழுந்த அதே 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் அறப்போர் இருந்தனர். உள்ளே விடாமல் தடுத்தது வெள்ளையனா? கிறீன்ஸ்பரோ மேசையைத் திரையில் கண்டு கண்ணீர் விடும் தமிழன், தன் ஊர்த் தேநீர்க் கடை மேசைக்கும் ஒரு நூதனசாலையைக் கேட்டதுண்டா? "அதெல்லாம் முடிந்துபோன கதை" என்பதுதானே இங்கும் விடை!

அன்பர் மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும். சாய்மனைக் கதிரையை அவருக்கே கொடுப்போம். பல்கணிக்குப் போகும் அம்புக்குறியை அழுத்த விடாமல், அவரைக் குப்பை லொறியின் முன்னே நிறுத்தி வைப்போம். 1968 பெப்ரவரி 1ஆம் திகதி இரு மனிதரை நசுக்கிய பொறியின் கணக்கைத் தீர்க்க மெம்பிஸ் நகரசபை முதன்முதலில் பணம் எடுத்து வைத்தது எந்த ஆண்டு, அதை வாங்க எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று அவரையே கேட்போம்.